இரவல் கிடைக்காத நாவல்

இவ்வாரம் இரண்டு நூல்களை வாசித்துவருகிறேன். ஒன்று, ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் (1894). மற்றொன்று, ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு (1964).

முன்னது பதிப்புரிமைக் காலம் கடந்தது. ஆனைகட்டியில் அமர்ந்தபடியே கைப்பேசியில் படிக்கிறேன். பின்னதை நண்பரிடம் இரவல் பெற்றுக் கோவையிலிருந்து பேருந்தில் கொண்டுவந்தேன். மின்னூல்களை இரவல் தரும் தளத்தில் கிறித்தவப் புனைகதை என்று தேடினால், எனக்குக் கிடைப்பவை அமெரிக்கக் காதல் நாவல்களே. பனையேறிகள் வாழும் குமரிச் சிற்றூரின் கிறித்தவ வாழ்வை, அதன் பேச்சுவழக்கோடு, பிரசங்கத் தொனியின்றிச் சொன்ன நாவல் அங்கே இல்லை.

ஆசிரியர் 2012இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி உரிமை 2072 இறுதிவரை நீடிக்கும். எனவே இலவசப் பிரதி கேட்பது முறையன்று. திருட்டுப் பிடிஎஃப் பகிர்வதும் தீர்வன்று. ஒரு பிரதிக்கு ஒரு வாசகர், தவணை முடிந்ததும் கோப்பு தானே மூடிக்கொள்ளும் என்ற இரவல் முறை உலகில் நடைமுறையில் உள்ளது. ஆங்கில ஆய்விதழ்களுக்குச் சந்தா செலுத்தும் பல்கலைக்கழக நூலகங்கள், தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் உரிய தொகை தந்து இதனைத் தொடங்கலாகாதா?

நீங்கள் இப்போது வாசிக்கும் கிறித்தவப் புனைவு எது? அது எவ்வழியில் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.