49 வயதோடு முடிந்துவிடுகிறதா அக்கறை?

திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் ஒன்றியத்துப் பெண்களின் பிள்ளைப்பேற்றை நாடே உற்றுப் பார்த்த காலம் உண்டு. மருத்துவர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம், 1960-களில் இந்த ஒன்றியத்தில் நடத்திய குடும்ப நலப் பணி இந்தியாவெங்கும் பேசப்பட்டது. ஊழியர்கள் வீடு தேடிப் போய், எத்தனை பிள்ளை, அடுத்தது வேண்டுமா என்று கேட்டார்கள். அந்த உழைப்பின் மீது நமக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் கேட்கிறோம்: பிள்ளை பெற்று முடித்தவளிடம் அதன்பிறகு யார் போய் என்ன கேட்டார்கள்?

தேசிய குடும்ப நல ஆய்வு 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம்தான் விரிவாகப் பேசுகிறது. இந்தியப் பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்பதோ சராசரியாக 46, 47 வயதில். தொல்லை உச்சத்தில் இருக்கும்போதே கணக்கேட்டை மூடிவிடுகிறோம்.

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இழை அறாமல் இருக்கக் காற்றிலே ஈரப்பதம் ஏற்றி வைப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் நிற்கும் பெண்ணுக்குக் குப்பென்று முகம் சுட்டு, முதுகில் வேர்வை வழிந்தால் அவள் எங்கே போய் உட்காருவாள்? இரவெல்லாம் வேர்த்து விழித்தவள், விடியுமுன் நிலக்கோட்டைப் பூந்தோட்டத்தில் மல்லிகை பறிக்க நிற்க வேண்டும். படபடப்பு, எரிச்சல், மூட்டு வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, வெளியே சொல்லக் கூசும் பிறப்புறுப்பு வறட்சி. வீட்டில் கிடைக்கும் பதில், “இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்.”

உதிரப்போக்கு அதிகமானால் பதில் மாறுகிறது: “கர்ப்பப்பையை எடுத்துடலாம். பிள்ளைதான் பெத்தாச்சே, இனி எதுக்கு அது?” இந்தப் பேச்சை நாம் கண்டிக்கிறோம். நாட்டில் கர்ப்பப்பை அகற்றும் அறுவைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தனியார் மருத்துவமனைகளில் நடப்பதாக அதே தேசிய ஆய்வு சொல்கிறது. தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. புற்றுநோய் போன்ற காரணங்களுக்கு அறுவை அவசியம்தான். ஆனால் மாத்திரையும் ஹார்மோன் வளையமும் முயன்று பார்க்காமலே கத்தி எடுப்பது மருத்துவ அறம் அல்ல. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் மாதவிலக்கு நிற்றல் ஒரே நாளில் வந்து இறங்கும். எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கும்.

சிகிச்சை இல்லாமலில்லை. குப்பென்று எழும் அந்த உடல் சூட்டுக்கு ஹார்மோன் சிகிச்சையே மிகுந்த பலன் தருவது. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று மார்பகப் புற்றுநோய் அச்சத்தைக் கிளப்ப, மருத்துவர்களே அந்தச் சிகிச்சையைக் கைவிட்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதைத் தாண்டாத, மாதவிலக்கு நின்று பத்தாண்டு ஆகாத ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய தெளிவு. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே எடுக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் கண்டவர்களுக்கு அது பொதுவாக ஆகாது; அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மாத்திரைகள் உண்டு. வறட்சிக்குத் தனிக் களிம்பு இருக்கிறது. எலும்புக்குக் கால்சியமும் நடையும் வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இவற்றை நம் ஊர்ப் பெண்ணிடம் யாரும் சொல்லாதது வெறும் மறதி அல்ல, அநீதி. பிள்ளை பெறும்வரைதான் அவள் உடம்புக்கு மதிப்பு என்று நாம் எல்லோரும் சேர்ந்து எழுதிய தீர்ப்பு அது. அரசு, மருத்துவர், ஆலை முதலாளி, கணவன், மகன், பத்திரிகைகளாகிய நாங்கள் என எவருக்கும் இதில் விலக்கில்லை.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிறது. அதே ஊழியர் நாற்பதைத் தாண்டிய பெண்ணிடம், “தூக்கம் வருதாம்மா? தீட்டு ஒழுங்கா வருதா?” என்று கேட்க வேண்டும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாளாவது இவர்களுக்கென்று தனிப் பிரிவு நடக்க வேண்டும். ஆலைகள் குடிநீரும் கழிப்பறையும் உட்கார ஓர் இடமும் தர வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதை இந்த ஆண்டே தொடங்கட்டும்.