எளிதிற் சாகாத மீன்

மீன் விற்பவர்கள் தங்கள் சரக்கைப் புகழ்ந்து சொல்லும் வார்த்தைகளுள் எனக்கு மிகுந்த அச்சத்தைத் தருவது, "இது லேசிலை சாகாது ஐயா" என்பது. அழகிய மீன், அபூர்வமான மீன், அதிர்ஷ்டம் கொண்டுவரும் மீன் என்றெல்லாம் சொல்லி விற்கப்படுபவற்றைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அவற்றை விலை கொடுத்து வாங்கியவர், செத்துவிடுமோ என்ற பயத்தினாலாவது ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார். சாகாது என்ற உத்தரவாதத்துடன் வீட்டுக்குப் போகும் பிராணிக்குத்தான் கேட்பாரில்லை. அது எதையும் பொறுத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே தீர்ப்பாகிவிடுகிறது.

இந்தத் தீர்ப்புக்கு ஆளான மீன்களுள் ஒன்று பிச்சிர். ஆபிரிக்காவின் நன்னீர் மீன். என் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒன்பது ஆண்டுகளாக ஒன்று வாழ்கிறது. செனகல் இனத்தைச் சேர்ந்தது, ஈயத்தின் நிறம், பத்து அங்குலத்துக்குச் சற்று மேல். கடைகளில் இதற்கு 'டைனோசோர் விலாங்கு' என்று அட்டை எழுதி ஒட்டுகிறார்கள். விலாங்குக்கும் இதற்கும் நீண்ட உடலைத் தவிர வேறு உறவில்லை. டைனோசோர் என்பதில் மட்டும் ஒரு துளி நியாயம் உண்டு. எகிப்திலும் மொறொக்கோவிலும் டைனோசோர்கள் உலாவிய காலத்துப் பாறைகளில் இதன் குடும்பத்தாருடைய எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் கடைக்காரர் அந்தப் பெயரைச் சூட்டுவது புவிச்சரிதம் படித்தல்ல. பெயரைக் கேட்டவுடன் சிறுவன் தந்தையின் கையைப் பிடித்து இழுக்கிறான், அவ்வளவு போதும்.

பெயரின் வரலாறு சுவையானது. நெப்போலியன் 1798இல் எகிப்தின்மேற் படையெடுத்தபோது படைவீரருடன் அறிஞர் குழுவொன்றையும் அழைத்துச் சென்றான். அக்குழுவில் இருந்த எத்தியென் ஜெஃப்ருவா சென்-ஹிலேர் என்ற இளம் விலங்கியலாளர் நைல் நதியில் இம்மீனைக் கண்டு, 1802இல் பொலிப்டெரஸ் பிச்சிர் என்று பெயரிட்டு விவரித்தார். பொலிப்டெரஸ் என்றால் பல செட்டைகளை உடையது என்று பொருள். முதுகில் ஒரே செட்டையாக இல்லாமல், தனித்தனிச் சிறு கொடிகளை வரிசையாக நட்டதுபோல இருக்கும். இனத்துக்கு ஏற்ப ஏழு முதல் பதினெட்டு வரை. சாதாரணமாக அவை படிந்து கிடக்கும். எதையாவது கண்டு விழிப்படைந்தால் எல்லாம் ஒருங்கே நிமிரும். உடலைப் போர்த்திருக்கும் செதில்களும் நம் கெண்டையின் செதிலைப்போல நகத்தாற் சுரண்டக்கூடியவையல்ல; எனாமல் போன்ற பூச்சுடைய கடினமான கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக் கோத்த கவசம்.

இந்த மீனுக்காக மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் வாசகர் நம்பத் தயங்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நீர்வாழ் உயிர்கள் தரையேறிய கதைக்குச் சாவி இதன் முட்டைக்குள் இருக்கிறது என்று விலங்கியலாளர் பலர் எண்ணினர். நுரையீரல் உண்டு, முன் செட்டைக்குச் சதைப்பற்றான அடியுண்டு, குஞ்சின் தலையின் இருபுறமும் இறகுபோன்ற புறச்செவுள்கள் தொங்கும். ஆகவே கரு வளரும் முறையைக் கண்டாக வேண்டும். அமெரிக்கரான நேதன் றசல் ஹரிங்டன் அதைத் தேடிச் சென்று, 1899இல் சூடானில் நோயுற்று மாண்டார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜோன் சாமுவேல் பட்ஜெற் கம்பியாவுக்கு இருமுறை போனார். பின்பு கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போனார். ஈற்றில் 1903இல் நைகர் நதிப் பிரதேசத்தில் கருவுற்ற முட்டைகளைப் பெற்றார். நாடு திரும்பிய சில மாதங்களுள், 1904 ஜனவரியில், ஆபிரிக்காவிற் பற்றிய காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. வயது முப்பத்தொன்று. அவர் கொண்டுவந்த கருக்களை ஆராய்ந்து 1907இல் வெளியிட்டவர் அவருடைய நண்பர் கிரஹாம் கெர். அன்று இருவர் உயிரைக் குடித்த அந்த முட்டைகள் இன்று தென்கிழக்காசியப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கிற் பொரிக்கின்றன. அறிவு மலிவாவது நல்லதே; ஆனால் உயிரும் அதனுடன் சேர்ந்து மலிந்துவிடுகிறது.

இனி, இது சாகாது என்று சொல்வதற்குக் காரணமான அந்த நுரையீரலைப் பற்றிப் பார்ப்போம். பிச்சிருக்குச் செவுளும் உண்டு, ஒரு சோடி நுரையீரலும் உண்டு. நீரிற் பிராணவாயு குறைந்தால் அது மேலே வந்து காற்றுக் குடிக்கும். காற்றுக் குடிக்கும் மீன் நமக்குப் புதிதல்ல. நம் குளத்து விராலும் பனையேறிக் கெண்டையும் அந்த வித்தையை அறிந்தவைதாம். அவை தலையிலுள்ள தனி அறைகளிற் காற்றை வைத்துக்கொள்கின்றன. பிச்சிருடையது நம்முடையதைப்போல உண்மையான நுரையீரல். மூச்சை விட்டதும் அதன் செதிற்கவசம் உள்ளே ஒடுங்கி, பின்பு தானாகவே விரிந்து காற்றை உறிஞ்சுகிறது என்று 1989இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். தலையின் உச்சியிலுள்ள இரண்டு சிறு துவாரங்களால் அது பெரும்பாலும் மூச்சிழுக்கிறது என்பது 2014இல் உறுதியாயிற்று.

தொட்டியின் முன் அமர்ந்திருப்பவருக்கு இதெல்லாம் ஒரு கணத்து நிகழ்ச்சி. மணலிற் கட்டைபோலக் கிடந்த மீன் திடீரென்று அம்புபோல மேலெழும், நீர்மட்டத்தை முட்டும், திரும்பித் தலைகீழாய் இறங்கும், செவுள் வழியே இரண்டு மூன்று குமிழிகள் வெளியேறும். மறுபடியும் கட்டை. இரவில், அறை விளக்கை அணைத்தபின், அதன் நடமாட்டம் தொடங்கும். கண் பார்வை மங்கல். மூக்கே அதற்கு விளக்கு. மூக்கில் இரண்டு சிறு குழாய்கள் நீண்டிருக்கும். இறால் துண்டு ஒன்றைப் போட்டால், வாசனை எட்டியவுடன் முன் செட்டைகளை விசிறிபோலச் சுழற்றிக்கொண்டு புறப்படும். துண்டின்மேலேயே ஊர்ந்து தாண்டிப் போய்விடும், நின்று யோசிக்கும், பின்வாங்கும், பக்கத்திலுள்ள கூழாங்கல்லைக் கவ்வித் துப்பும், கடைசியில் கண்டுபிடித்து ஒரே விழுங்கு. இந்தத் தேடலைப் பார்ப்பதற்காக நான் எத்தனையோ முறை இரவுச் சாப்பாட்டை ஆறவிட்டிருக்கிறேன். வீட்டாரின் அபிப்பிராயம் வேறு.

மற்ற மீன்கள் நீர் கெட்டுவிட்டால் முறையிடும். கழிவிலிருந்து அமோனியா பெருகினாலும், பிராணவாயு குன்றினாலும், அவை கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எந்தப் புதியவருக்கும் அது புரியும். பதறி நீரை மாற்றுவார். பிச்சிர் மேலே வந்தால் யாரும் பதறுவதில்லை. மேலே வருவது அதன் இயல்பு என்று கடைக்காரரே சொல்லி அனுப்பியிருக்கிறார். எனவே அபாய மணியே அதற்கு இல்லாமற் போய்விட்டது. கூட இருந்த மீன்களெல்லாம் மிதந்த பின்னும் அது கிடக்கும். கிடப்பதைக் கண்டு, "பார்த்தீர்களா, இதற்கு ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். ஒன்றும் ஆகவில்லையா? செட்டை ஓரங்கள் சிதைந்திருக்கும், கண் மங்கியிருக்கும், பசி போயிருக்கும். பசியின்மையையும், "இது கொஞ்சமாய்த்தான் தின்னும்" என்று அதன் குணக்கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். நெடுநாள் பொறுக்க வல்லது என்பதனால் அதற்கு நோவு குறைவு என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? வாரந்தோறும் நீரில் நாலில் ஒரு பங்கையேனும் மாற்றுங்கள். குழாய்நீரானால் குளோரீனைப் போக்கி ஊற்றுங்கள். வடிகட்டி ஓயாது இயங்கட்டும். மென்மையான மீனுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்யவேண்டும் என்பதே என் கட்சி.

நுரையீரலைக் காரணங்காட்டி நடக்கும் இன்னொரு விபரீதமும் உண்டு. தொட்டியை விளிம்புவரை நிரப்பி, மேலே கண்ணாடியை அழுத்தி மூடிவிடுகிறார்கள். மீன் ஏறி வந்து முட்டும் இடத்திற் காற்றே இல்லை. நீருக்கும் மூடிக்குமிடையே இரண்டு மூன்று அங்குலமாவது வெளி வேண்டும். அதற்காக மூடியைத் திறந்து போடுவதும் ஆகாது. பிச்சிர் ஒளித்தோடுவதிற் கெட்டிக்காரன். வடிகட்டிக் குழாய் செல்லும் சந்து அதற்குப் போதும். "தரையில் நடக்கும் மீனாயிற்றே" என்று சிலர் பெருமையோடு சொல்வார்கள். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் எமிலி ஸ்டாண்டனும் துணைவரும் இளம் பிச்சிர்களை எட்டு மாதம் தரையில் வளர்த்து, அவை செட்டைகளை உடலுக்கருகே ஊன்றிச் சீராக நடக்கப் பழகியதையும், தோளெலும்புகள்கூட மாறியதையும் 2014இல் வெளியிட்டது உண்மை. அங்கே சில மில்லிமீற்றர் நீர் எப்பொழுதும் நின்றது. உலராதிருக்க ஓயாமல் நீர் தூவப்பட்டது. நம் வீட்டுச் சீமெந்துத் தரையில் யார் நீர் தூவப் போகிறார்கள்? அலுமாரிக்குக் கீழே காலையிற் கண்டெடுக்கும்போது அது காய்ந்த கருவாடாயிருக்கும்.

இடத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். விற்கும்போது மூன்று நாலு அங்குலம். செனகல் இனம் தொட்டியில் ஓரடி வரை வளரும்; குறுக்குப் பட்டை போட்ட பெரிய இனங்கள் இரண்டடியைத் தாண்டும். அடித்தளத்தில் வாழும் மீனாதலால் உயரமான தொட்டியாற் பயனில்லை. நீளமும் அகலமுமே கணக்கு. சிறிய இனத்துக்கே நாலடி நீளமும் ஒன்றரையடி அகலமும் இல்லாவிட்டால் உடலைத் திருப்ப முடியாது. மெல்லிய மணல், ஒளிந்துகொள்ள மரக்கட்டை, வாய்க்குள் அடங்காத அளவுடைய தோழர்கள். அடங்கினால் தோழர் இரையாவார். அதற்காக அதைக் கோபிப்பது வீண். ஆயுளோ பத்து ஆண்டுக்கு மேல். மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டு வாங்கிய மீன், அவன் சாதாரண தரமும் உயர்தரமும் எழுதி வீட்டை விட்டுப் போனபின்னும் தாயின் கையிறாலை எதிர்பார்த்துக் கிடக்கும்.

அப்படியானால் வளர்க்கவே கூடாதா என்று கேட்கலாம். காட்டுயிரை வீட்டில் அடைப்பதே பாவம் என்னும் நண்பர்கள் எனக்குண்டு. அவர்களோடு நான் பாதித் தூரம் போவேன். நதியிற் பிடித்து ஏற்றுமதியாகும் பெரிய பிச்சிர்களை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றின் தோலில் ஒட்டுண்ணிப் புழுக்கள் வருவது சர்வசாதாரணம். மக்ரோகைரோடக்ரைலஸ் என்று நீண்ட பெயருடைய ஒரு புழுவகை இந்த மீனிலேயே குடியிருப்பது. பண்ணையிற் பொரித்த செனகல் பிச்சிரை, அதற்குரிய இடங்கொடுத்து, மண்புழுவும் இறாலும் கொடுத்து வளர்ப்பதில் நான் பாவத்தைக் காணவில்லை. கண்ணாடிக்கப்பால் இருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் நம்மிற் பலர் உயிரென்பதை மதிக்கக் கற்றுக்கொள்கிறோம். புத்தகத்திற் படித்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

நண்பர்கள் சொல்லாத பாவம் ஒன்றுண்டு. மீன் வளர்ந்து இடங்கொள்ளாமற் போனதும், இரக்கம் மேலிட்டு, வாளியிற் கொண்டுபோய் வாய்க்காலிலோ குளத்திலோ விட்டுவிடுவது. விடுதலை கொடுத்த புண்ணியம் வேறு! அலங்கார மீனாக வந்த கத்தி மீனும், தொட்டிக் கண்ணாடியை நக்கித் துப்புரவாக்கும் கவசக் கெளிறும் இப்பொழுது இலங்கையின் இயற்கை நீர்நிலைகளிற் குடியேறிவிட்டன. அவற்றை யாரும் திட்டமிட்டு விதைக்கவில்லை. இப்படிப்பட்ட வாளிகளே விதைத்தன. பிச்சிர் இரவில் வேட்டையாடும் மாமிச பட்சணி, கெட்ட நீரிலும் வாழும், காற்றையும் குடிக்கும். தொட்டியிற் சாகாத மீன் குளத்திலும் சாகாமலிருக்கக்கூடும் என்பதை வாளியைத் தூக்குகிறவர் எண்ணிப் பார்க்கட்டும். வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுப்பது, கடைக்கே இலவசமாகத் திருப்புவது என்று வழிகள் உண்டு.

கடைகளுக்கு நான் சொல்ல விரும்புவது மிகச் சிறியது. விலை எழுதும் அட்டையில் இன்னும் இரண்டு வரிக்கு இடமிருக்கிறது. முழு வளர்ச்சியில் எத்தனை அங்குலம் என்று ஒரு வரி. எத்தனை ஆண்டு வாழும் என்று ஒரு வரி. இதை ஒரு கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்து, "அப்பிடி எழுதினால் ஆர் ஐயா வாங்குவினம்?" என்றார். பாதிப்பேர் வாங்கமாட்டார்கள் என்பதே என் மதிப்பும். மற்றப் பாதிப்பேர் நாலடித் தொட்டியும், மூடியும், மணலும், நல்ல வடிகட்டியும் சேர்த்து வாங்குவார்கள். பத்தாண்டு காலம் இரைக்கும் அதே கடைக்கு வருவார்கள். வியாபாரக் கணக்கிற் பார்த்தாலும் இதில் நட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.