நகல் இருந்தால் மட்டும் போதுமா?

இது கணிப்பொறி யுகம் என்று பெருமையோடு பேசுகிறோம். சென்னையில் உள்ள மையக் கணிப்பொறியில் ஒரு கணக்கு. சேலம், நாமக்கல் சீமையில் ஊருக்கு ஊர் அதன் நகல். இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று முரணின்றி வைத்திருப்பதையே தரவுத்தளப் படியெடுப்பு என்கிறார்கள். இது கணிப்பொறித் துறை மாணவர்களின் பாடம் மட்டுமன்று. ரேஷன் கடை வரிசையில் நிற்பவரின் அரிசியையும், உழவரின் பட்டாவையும் தொடுகின்ற பொதுப் பிரச்சினை.

படியெடுப்பில் எளியது ஒருவழிப் பாதை. நாமக்கல் மண்டலத்தின் முட்டை விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது, மற்றவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். அறிவிப்பை மாற்றும் அதிகாரம் ஓரிடத்தில் மட்டுமே இருப்பதால், நகல் ஆயிரமானாலும் குழப்பமில்லை.

இருவழிப் பாதையில்தான் சிக்கல். 2017இல் தமிழகத்தில் மின்னணு குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. ஒதுக்கீடு மையத்திலிருந்து கடைக்கு வருகிறது. விற்பனைக் கணக்கு கடையிலிருந்து மையத்துக்குப் போகிறது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபின், சொந்தக் கடையை விட்டு வேறு கடையிலும் பொருள் வாங்க வழி பிறந்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, கொல்லிமலையில் ஒரு கடைக்கு இணைப்பு அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கையிலுள்ள நகலை நம்பி அரிசி கொடுத்தால், அதே அட்டைக்குச் சேந்தமங்கலத்தில் முன்பே கொடுத்திருக்கக்கூடும். மறுத்தால், ஒரு தாய் வெறும் பையோடு வீடு திரும்புவாள். எது பெரிய இழப்பு? கொடுத்துவிடுவதே முறை என்பது என் துணிபு. கூடுதலாகப் போன அரிசியை அடுத்த மாதம் கழித்துக்கொள்ளலாம். அன்றைய பசியைக் கழிக்க முடியுமா?

"நகலே வேண்டாம், எல்லாம் மையத்தில் இருக்கட்டும்" என்பார் சிலர். பத்திரப் பதிவுத் துறை 2018இல் 'ஸ்டார் 2.0' வழியாக மாநிலம் முழுவதையும் இணையவழிப் பதிவுக்குக் கொண்டுவந்தது. அதன் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே மையத்தில் என்றால், மையம் நின்றால் எல்லா ஊரும் நிற்கும். ஆகவே நகலும் வேண்டும்; நகல்கள் முரண்படும்போது எது செல்லும் என்ற விதியும் வேண்டும்.

'கடைசியாக எழுதியதே செல்லும்' என்பது பலரும் கையாளும் விதி. எளிதுதான், ஆனால் ஆபத்தானது. ராசிபுரத்து உழவர் ஒருவரின் பெயர்ப் பிழையைக் கிராமத்தில் திருத்திய பிறகு, வேறோர் இடத்தில் தேங்கிக் கிடந்த பழைய பதிவு தாமதமாக வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? பிழை மீண்டும் அரியணை ஏறும். வங்கியில் கடன் கேட்டால், "கணிப்பொறியில் அப்படித்தான் இருக்கிறது" என்ற பதிலே கிடைக்கும்.

இதற்கு மருந்து நம் மண்ணிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியைப் பாருங்கள். கிராமக் கணக்குகள் அங்கே வருகின்றன; அதிகாரி தணிக்கை செய்கிறார்; மக்கள் நேரில் மனு கொடுக்கிறார்கள். 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த பின்னரும் இந்த வழக்கம் நிலைத்திருக்கிறது. நகலும் மூலமும் ஒத்துப்போகும் என்று நம்பிவிடாமல், ஒத்துப் பார்க்க ஒரு நாள் குறித்தார்களே, அதுதான் முன்னோர் அறிவு!

எனவே மூன்று வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் உரிமையாளர் வேண்டும்: விலையும் ஒதுக்கீடும் மையத்தின் சொல்; ஆளும் நிலமும் பற்றிய உண்மை ஊரின் சொல். யார், எப்போது திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். முரண்பட்ட பதிவை இயந்திரம் ஓசையின்றி விழுங்கிவிடாமல், மனிதர் கண்முன் வைக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! நாளை இத்தகைய அமைப்புகளை எழுதப்போகிறவர்கள் நம்மில் பலர். கம்பி இணைப்பு வேகமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஊரில் இருக்கும் உண்மை மையத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்றும் பாருங்கள்.