சட்டியைச் சோதித்துப் பாருங்கள்

எங்கள் பிள்ளைகளுக்கு எது குறைகிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம். எடை போடுகிறார்கள், உயரம் அளக்கிறார்கள். எல்லாம் அங்கன்வாடி நோட்டில் ஏறிவிடும். துத்தநாகம் குறைவா என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது.

துத்தநாகம், டாக்டர் பாஷையில் ஜிங்க், துளியளவுதான் வேண்டும். அது குறைந்தால் வளர்த்தி நின்றுபோகும், புண் ஆறாது, வயிற்றுப்போக்கு விடாது. ரத்தத்தில் அதைப் பார்ப்பது லேசான காரியமில்லை. காய்ச்சல் கண்டிருந்தாலே அளவு இறங்கிக் காட்டும். சாதாரண ரத்தக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்துகூட துத்தநாகம் கலந்துவிடும். ஒற்றைக் குழந்தையை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் எடுத்துத்தான் சொல்ல முடியும். அப்படி 2016-18இல் நாடு முழுவதும் எடுத்தார்கள். 1 முதல் 4 வயது வரை 19 விழுக்காடு, 10 முதல் 19 வயது வரை 32 விழுக்காடு குறைபாடு.

ஊசி குத்தாமலும் தெரியும். ஈரானின் ஷிராஸில் வளர்த்தி நின்றுபோன இளைஞர்களைப் பற்றி 1961இல் எழுதினார் ஆனந்த பிரசாத். வெறும் ரொட்டியும் களிமண்ணும் தின்றவர்கள் அவர்கள். காரணம் துத்தநாகக் குறைவு என்பது பிறகு எகிப்தில் உறுதியானது. எங்க கீரமங்கலம் பக்கம் விடியுமுன்னே பூவெடுக்கப் போறா ஆத்தா. புள்ள நீராகாரத்தைக் குடிச்சிட்டுக் கெடக்கு. அது சுவத்து மண்ணைப் பேத்துத் தின்னா, "மண்ணுதின்னிச் சாதி"ன்னு ஊர்த்தெரு சிரிக்குது. நோயின் அடையாளம் எங்களுக்கு வசவாகிவிட்டது.

100 கிராம் சோற்றில் துத்தநாகம் அரை மில்லிகிராம் தேறினால் அதிகம். அதே அளவு மாட்டுக்கறியில் 4 மில்லிகிராமுக்கு மேல். அதுவும் உடம்பில் லேசாக ஒட்டும். எங்க பாட்டன் பூட்டன் இதை அறிந்துதானா தின்றார்கள்? கிடைத்ததைத் தின்றார்கள். அதற்குத்தான் தீட்டு என்று பேர் வைத்தீர்கள். 1982இல் சத்துணவு விரிந்தது, 1989இல் முட்டை வந்தது. நல்லதுதான். மாட்டுக்கறி என்று வாயெடுத்தால் மட்டும் ஏன் எல்லாக் கட்சிக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது?

தின்றதும் உடம்பில் தங்க வேண்டுமே! வயிற்றுப்போக்கில் துத்தநாகம் வெளியேறும். குறைந்தால் மறுபடி வயிற்றுப்போக்கு. எங்க மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் தலித்துகளின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. 2025 ஜனவரியில் அந்தத் தெருக்காரர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை. இந்தத் தண்ணீரின் கணக்கை எந்த ரத்தக் குழாயில் எடுப்பீர்கள்?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதிப் பிள்ளைகளில் 39 விழுக்காடு வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர் அல்லாதவர்களில் 30. இந்த 9 விழுக்காடு எந்தத் தாதுவின் குறைவு?

நான் கேட்பது மூன்று. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் 2004லேயே சொன்ன துத்தநாக மாத்திரை, 10 முதல் 14 நாளைக்கு, சேரி வரைக்கும் வந்து சேர வேண்டும். ரத்தம் எடுத்தால் தெருவாரியாக, சாதிவாரியாகக் கணக்கை வெளியிட வேண்டும். சத்துணவில் கறி வேண்டும், விரும்புகிறவர்களுக்கு மாட்டுக்கறியும். மாத்திரையைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் அமுக்கப் பார்ப்பார்கள். தோழர்களே, விடாதீர்கள்.