யாருடைய மண்டையை அளந்தார்கள்?

குற்றம் செய்கிறவன் பிறவியிலேயே அப்படித்தான், அது ரத்தத்தில் ஓடுகிறது என்கிற பேச்சு எப்பவோ செத்துப்போச்சு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாகவில்லை தோழர்களே. சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அன்றைக்கு மண்டையோடு, இன்றைக்கு மரபணு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "அந்த சாதிக்காரப் பய கை சும்மா இருக்காதுப்பா" என்கிறவனும், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அதையே அட்டவணை போட்டுச் சொல்கிறவனும் ஒரே திண்ணையில் பாடம் கேட்டவர்கள்தான். இரண்டாமவனுக்கு நிதி வருகிறது, அவ்வளவே வித்தியாசம்.

இந்த 'அறிவியலின்' தகப்பன் என்று லொம்ப்ரோசோவைச் சொல்வார்கள். இத்தாலிய டாக்டர். தென்னித்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த வில்லெல்லா என்கிற ஏழையின் மண்டையோட்டில் ஒரு குழியைப் பார்த்தாராம், 'பிறவிக் குற்றவாளி' பிடிபட்டுவிட்டானாம். 1876இல் புத்தகமே போட்டார். பெரிய தாடை, நீண்ட கை, ஒட்டாத காது எல்லாம் ஆதிமனிதன் திரும்பி வந்ததற்கான அடையாளங்களாம். அப்போதுதான் வடஇத்தாலி தென்இத்தாலியை அடக்கி ஒரே நாடாக்கியிருந்தது. நிலமற்ற தெற்கத்திக்காரன் கலகம் செய்தால் அதற்குக் காரணம் வரியும் பட்டினியும் என்று சொல்ல முடியுமா? மண்டையில் குழி என்று சொல்லிவிடுவது சௌகரியம்.

ஆனால் லொம்ப்ரோசோவுக்கு ஐந்து வருஷம் முன்னாடியே, 1871இல், இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது. இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரனுக்கு மண்டையோடு தேவைப்படவே இல்லை. சாதி போதுமாக இருந்தது. இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, ஆகவே திருடன் மகன் திருடன். இதுதான் அந்த மசோதாவுக்குச் சொல்லப்பட்ட நியாயம். மனு எழுதிவைத்ததைத் துரை ஆங்கிலத்தில் படித்தான். லண்டனும் வருணாசிரமமும் கைகுலுக்கிய இடம் இது. வெள்ளைக்காரன் மட்டும் செய்த கொடுமை என்று தேசியவாதிகள் நழுவப் பார்ப்பார்கள், விடக்கூடாது.

1911இல் சட்டம் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சனங்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். குறவர், பிரமலைக் கள்ளர் என்று பட்டியல் நீண்டது. நம்ம ஆட்கள் இல்லையே என்று யாரும் மூச்சு விட வேண்டாம். தென்னாற்காடு மாவட்டத்து வேப்பூர்ப் பறையர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே குற்றவாளி. வயசுக்கு வந்தால் ரேகை வை, ராத்திரியில் ஆஜர் கொடு, ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்கு. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை போலீஸ் சுட்டது. மாயக்காள் என்கிற பெண் உட்பட பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள்.

குறவர்கள் ரத்தத்தில் என்ன இருந்தது? உப்பு இருந்தது என்றுதான் நான் சொல்வேன். கடற்கரையிலிருந்து உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்துக்கு மாற்றி வந்த வியாபாரிகள் அவர்கள். கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பிறகு ரயில் வந்தது. தொழில் போச்சு. காட்டுச் சட்டம் வந்து மூங்கிலும் மேய்ச்சலும் போச்சு. தொழிலைப் பிடுங்கியவன் அலைகிறவனைப் பார்த்து "நீ ஏன் அலைகிறாய், உன் பிறவியே சரியில்லை" என்றான். பிறகு செட்டில்மெண்ட் என்று முள்வேலிக்குள் அடைத்து மலிவாக வேலை வாங்கினான். ஸ்டூவர்ட்புரத்தில் இரட்சணிய சேனை அதைக் கிறிஸ்துவின் பெயரால் செய்தது. பிறவிக் குற்றவாளியை வேலை வாங்கித் திருத்த முடியுமென்றால் அது எப்படிப் பிறவிக் குற்றம்? இந்தக் கேள்வியை ஒருத்தனும் கேட்கவில்லை.

இதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தில் தர்ஸ்டன் துரை கவராயம் வைத்து மூக்கை அளந்துகொண்டிருந்தார். 1909இல் ஏழு தொகுதிகள் வெளிவந்தன. அந்த மூக்கு அளவுகளை வைத்தே பின்னால் அம்பேத்கர் கதையை முடித்தார். 1948இல் தீண்டப்படாதவர்களைப் பற்றி எழுதிய நூலில், மானிடவியலாளர்களின் அளவைகளையே எடுத்துப்போட்டு, பிராமணனும் தீண்டப்படாதவனும் வேறு வேறு இனமென்றால் இந்த அட்டவணையே பொய் என்று காட்டினார். எதிரியின் கவராயத்தாலேயே எதிரியை அளந்தவர். நம் மாணவத் தோழர்கள் அந்த அத்தியாயத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

இனி ஜீனுக்கு வருகிறேன். 1993இல் ஒரு டச்சுக் குடும்பத்தின் ஆண்களிடம் எம்.ஏ.ஓ.ஏ. என்கிற மரபணு முற்றாகச் செயலிழந்திருந்ததை புருன்னர் குழு கண்டது. அபூர்வத்திலும் அபூர்வம். பத்திரிகைகள் அதை 'வன்முறை ஜீன்' ஆக்கின. அந்த ஜீன் குறைவாக வேலை செய்கிற வகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம் இருக்கிறது. அத்தனை பேரும் அரிவாளோடு அலைகிறார்களா? 2002இல் வந்த ஆய்வு சொன்னது, சிறுவயதில் அடிபட்டுச் சீரழிந்தவர்களிடம்தான் அந்த வகைக்கும் வன்முறைக்கும் தொடர்பு தெரிகிறது என்று. அப்ப அடித்தது யார் என்று கேட்க வேண்டாமா? இதெல்லாம் தெரிந்தும் 2009இல் இத்தாலியின் திரியெஸ்தே நீதிமன்றம் ஒரு கொலையாளிக்கு இந்த ஜீனைக் காட்டி ஒரு வருஷம் தண்டனையைக் குறைத்தது. லொம்ப்ரோசோவின் நாடு அல்லவா.

உடம்புக்கும் நடத்தைக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் வாதாடவில்லை. மூளையில் கட்டி வந்தவன் குணம் மாறலாம். நான் கேட்பது வேறு. எது குற்றம் என்று தீர்மானிப்பது ஜீனா? கஞ்சிக்கு நெல் திருடினால் களவு, புறம்போக்கை வளைத்தால் பட்டா. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. பெரும் நிலச்சொந்தக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர், அவர்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம். பாருங்கள், இதுவும் ஒரு பிறவிக் கொள்கைதான். காரும் நிலமும் உள்ளவன் ரத்தத்தில் குற்றம் இருக்காது. அந்த மிராசுதார்கள் மண்டையை அளக்க எந்த டாக்டர் நாகை தாலுக்காவுக்கு வந்தார்?

சென்னை மாகாணம் 1947இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்கியது. 1948இலேயே பழக்கக் குற்றவாளிகள் சட்டம் கொண்டுவந்தது. பேர் மாறிச்சு, ஸ்டேஷன் மாறல. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போன குறவர் ராஜாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. எங்கோ நகை காணோம் என்றால் முதலில் தட்டுவது அவர்கள் கதவைத்தான். மத்தியப் பிரதேசச் சிறை விதிகளில், சீர்மரபினர் என்றாலே பழக்கக் குற்றவாளியாக நடத்தலாம் என்று எழுதியிருந்தது. அது போன்றவற்றை உச்சநீதிமன்றம் அடித்தது 2024 அக்டோபரில்! 2019 அரசுக் கணக்கில் தண்டனைக் கைதிகளில் 21.7 சதவீதம் பட்டியல் சாதியினர், மக்கள்தொகையிலோ 16.6. இதைப் பார்த்து 'ஜீன்' என்பான் ஒருத்தன். யாரைப் பிடிக்கிறார்கள், யாருக்கு ஜாமீன் கிடைக்கிறது என்று பார்ப்பது நம் வேலை. 2022இல் வந்த அடையாளச் சட்டம் கைரேகையோடு கண்ணையும் ரத்தத்தையும் எடுத்து, பதிவை 75 வருஷம் வைத்திருக்க அனுமதிக்கிறது. அந்தக் கிடங்கில் யார் ரத்தம் அதிகம் சேரும் என்று கணக்குப் போட ஜோசியன் வேண்டாம்.

கடைசியாக நம் ஆட்களிடம் ஒன்று. மேலவளவுக்குப் பிறகு நம் கூட்டங்களிலேயே கேட்டேன்: "அவனுங்க பரம்பரையே அப்படித்தான், ரத்தவெறி பிடிச்ச கூட்டம்." கோபம் புரிகிறது. வாதம் நம்முடையதல்ல, அது 1871ஆம் வருஷத்துச் சட்டத்தின் வாதம். பெருங்காமநல்லூரில் சுட்டவன் சொன்ன வார்த்தை. ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30இல் வெட்டியவர்களை எந்த ஜீனும் ஏவவில்லை. தலைவர் நாற்காலியில் ஒரு பறையன் உட்காரக் கூடாது என்கிற முடிவு ஏவியது. அதை யோசித்து, திட்டம் போட்டு, பஸ்ஸை மறித்துச் செய்தார்கள். ரத்தத்தின் மேல் பழி போட்டால் அவர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம். நம் உதவி அவர்களுக்குத் தேவையும் இல்லை. ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை அரசு 2019 நவம்பரில் முன்கூட்டியே வெளியே விட்டது. ரத்தப் பரிசோதனை எதுவும் கேட்கவில்லை.