மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரும் 'சி' வகைக் கல்லீரல் அழற்சியும்

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1971-ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தேறியது. அன்று அரிதாயிருந்த அச்சிகிச்சையைப் பெற்று நலமுடன் வாழ்வோர் இன்று பல ஊர்களிலும் உளர். அவர்களுள் சிலருடைய உடலில், டயாலிசிஸ் செய்த காலத்திலோ இரத்தம் ஏற்றிய காலத்திலோ புகுந்த 'சி' வகைக் கல்லீரல் அழற்சி வைரஸ் வெளித்தெரியாது தங்கியிருத்தல் கூடும். 1989-ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட இவ்வைரஸை இத்தகையோரிடம் கண்டறிய வழக்கமான சோதனைகள் மட்டும் போதா என்பதைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

அதற்குக் காரணம் யாது? வைரஸ் குடிகொண்ட உயிரணுக்களைத் தேடி அழிப்பவை வெள்ளணுக்களுள் ஒரு வகையான 'டி' அணுக்கள். பிறர் அளித்த சிறுநீரகத்தைப் பகையெனக் கருதித் தாக்குவனவும் அவையே. ஆதலால் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளால் அவற்றின் வேகம் தொடர்ந்து அடக்கப்படுகிறது. மற்றொருபுறம், நீங்காது நிற்கும் வைரஸோடு இடைவிடாது பொருதும் 'டி' அணுக்கள் நாளடைவில் களைத்துப்போகின்றன. செயலைத் தடுக்கும் புரதங்கள் அவற்றின் மேற்பரப்பில் மிகுகின்றன. இவ்வாறு மருந்தும் வைரஸும் ஒருங்கே உடலின் காவலைத் தளர்த்துகின்றன.

இதனால், எதிர்ப்புரதச் சோதனை நோய் இல்லையெனக் காட்டலாம். கல்லீரல் நொதிகளின் அளவும் இயல்பாக இருக்கலாம். கல்லீரலோ நலிந்துகொண்டே போகலாம். ஆகவே வைரஸின் ஆர்.என்.ஏ.யை நேரே அளக்கும் சோதனையே இத்தகையோர்க்கு நம்பத்தக்கது.

முன்னர் வழங்கப்பட்ட இன்டர்பெரான் காவலணுக்களைத் தூண்டுவதாகையால், மாற்றுச் சிறுநீரகத்தையே இழக்கும் அபாயம் இருந்தது. சோபோஸ்புவிர் முதலிய இன்றைய மாத்திரைகள் வைரஸின் பெருக்கத்தையே தடுப்பன; பெரும்பாலும் 12 வாரச் சிகிச்சையில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ்ச் சோதனையும் மருந்தும் இலவசம். ஆயினும் கல்லீரல் தேறுங்கால் இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவு குறையக்கூடும். அதனை அவ்வப்போது அளந்து பார்த்தல் வேண்டும்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத்தில் இதற்கு ஓர் இடையூறு உண்டு. கொழிஞ்சாம்பாறையினர் கோயம்புத்தூரையும், குமுளியினர் தேனியையும் மதுரையையும், மூணாற்றினர் கோட்டயத்தையும் நாடுவது இயல்பு. அறுவை ஒரு மாநிலத்திலும் பின்சிகிச்சை மறு மாநிலத்திலும் ஆகுமிடத்து, ஒரு மருத்துவர் எழுதியதை மற்றவர் காணாமற் போகலாம். எனவே அறுவைக் குறிப்பு, மருந்துப் பட்டியல், டாக்ரோலிமஸ் அளவு, ஆர்.என்.ஏ. முடிவு ஆகிய நான்கையும் நோயாளி தம்மிடமே ஒரே உறையில் வைத்திருக்கச் செய்தல் வேண்டும். இது நிபுணர் வேலையென்று கூறுவோர் உளர். நிபுணரை நோயாளி ஆண்டிற்குச் சில முறையே காண்கிறார். களப்பணியாளரோ தோட்ட லயத்தின் வாயிலுக்கே செல்பவர்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. இந்நோய் இரத்தத்தின் வழியே பரவுவது. உடனுண்பதாலும் தொடுவதாலும் பரவாது. இதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. குணமடைந்தோர்க்கும் மீண்டும் தொற்றலாம். இவ்வுண்மைகளை வகுப்பில் எடுத்துரைத்தால், நோயாளியின் பிள்ளை ஒதுக்கப்படும் இழிநிலை நீங்கும். ஒருவர் மனமுவந்து ஈந்த சிறுநீரகத்தின் பயன், எல்லைச் சாவடிக்கு இப்பாலும் அப்பாலும் சிதறிய சீட்டுகளால் குன்றலாகாது.