முகாம்வாழ் இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கப் பரிந்துரைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: தொழிலாளர் சங்கத்தினர், ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவள்ளூர்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1983 ஜூலைக் கலவரத்தையொட்டி மூண்ட இலங்கைப் போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் ஓய்ந்தது. அது துரத்திய மக்களில் ஒரு பகுதியினர் இன்றும் கும்மிடிப்பூண்டி முகாமில் வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அரசு வெளியிட்ட கணக்குப்படி தமிழக முகாம்களில் 58,822 பேர். அப்போது ரூ.317.40 கோடியில் நலத்திட்டங்களும் 7,469 வீடுகளும் அறிவிக்கப்பட்டன, நன்றியுடன் ஏற்கிறோம். ஆனால் வீட்டுக்குக் கதவு எண் கிடைத்தாலும் அதில் வாழ்பவர் எந்த நாட்டவர் என்ற கேள்விக்கு விடையில்லை.

சிக்கல் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2003 திருத்தம் உரிய ஆவணமின்றி வந்தோரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்றது; அவர்கள் பதிவு மூலம் குடியுரிமை கோர முடியாது. 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் அவ்வாறு கருதப்பட்டால் இங்கு பிறந்த குழந்தையும் பிறப்பால் குடிமகன் ஆகாது. நம்மூர்த் தொழிலாளி முகாம் பெண்ணை மணந்தாலும் அவர்கள் குழந்தைக்கு இதே கதிதான். 1987 ஜூலைக்கு முன் இங்கு பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அவர்களும் அதை நிறுவ நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது. போரைக் கண்ணால் காணாத தலைமுறைக்கு இது போரின் தண்டனை அல்லாமல் வேறென்ன?

போர் முடிந்துவிட்டதே, திரும்பலாமே என்பார்கள். விரும்புவோரை யாரும் தடுக்கவில்லை. ஆனால் இலங்கையில் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டமும் வடக்கில் இராணுவ முகாம்களும் இன்னும் இருக்கின்றன. இங்கு பிறந்தவருக்கோ அது பார்த்தறியாத நாடு. கதவைத் திறந்தால் மேலும் பலர் வருவர் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. 2015 ஜனவரி 9 வரை தஞ்சமடைந்து பதிவு செய்தோருக்கு 2025 செப்டம்பரில், ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தபோது மத்திய அரசே எல்லைக்கோடு போட்டுவிட்டது. பாதுகாப்புச் சந்தேகம் என்றால், இவர்களைப்போல் பல்லாண்டுகள் தணிக்கைக்கு உட்பட்டவர்கள் நாட்டில் அரிது.

எனவே, 1987 ஜூலைக்கு முன் இங்கு பிறந்தோருக்கு உரிய சான்றுகள் கிடைக்க முகாமிலேயே சிறப்பு முகாம் நடத்தவும், மற்றவர்களின் மனுக்களைத் தாமதமின்றி மேலனுப்பவும், 2025 விலக்குப் பெற்றோரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக்கூடாது என மத்திய உள்துறைக்குப் பரிந்துரைக்க மாநில அரசை வலியுறுத்தவும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், ஆரம்பாக்கம்.